தேன் தெருவில் ஒரு வெள்ளிக்கிழமை

போலந்தின் கிராகோவ் நகரில், காஜிமியெஷ் என்ற பழைய யூதப் பகுதிக்கு வருகிறவர்கள் முதலில் ரெமூ சினகாக் என்ற யூத வழிபாட்டுக் கூடத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். அதை ஒட்டிய இடுகாட்டின் மதிலருகே வெகுநேரம் நின்றுவிட்டேன். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய கல்லறைக் கற்களின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து எழுப்பிய சுவர் அது. ஒரு துண்டில் பாதி எழுத்து, இன்னொன்றில் ஒரு பூவின் கால்பாகம். முழுப் பெயர் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் மியோதோவா தெரு. போலிஷ் மொழியில் தேன் தெரு என்று அர்த்தம். நான் தேடி வந்தது இந்தத் தெருவைத்தான். காரணத்தைச் சொல்ல முந்தின நாளுக்குப் போக வேண்டும்.

முந்தின நாள் த்வுகா தெருவில் 38ஆம் எண் கட்டிடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். டிராம் ஓடும் சாதாரணத் தெரு. 1945இல் யூதக் குழுவின் அலுவலகம் இங்கேதான் இயங்கியது. போருக்கு முன் இந்த நகரில் யூதர்கள் 60,000 பேருக்கு மேல், நகர மக்களில் கால்வாசி. போலந்து முழுக்க 33 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் நாஜி ஆக்கிரமிப்பில் கொல்லப்பட்டார்கள். பிழைத்தவர்கள் இந்த வாசலுக்கு வந்து பெயரைப் பதிந்தார்கள். பதிந்த கையோடு அப்பா பெயர் இருக்கிறதா, தங்கை பெயர் இருக்கிறதா என்று பட்டியலில் தேடினார்கள்.

சரி, பெயர் எழுதியாயிற்று. அப்புறம்? சாப்பாடு, செருப்பு, மருந்து, படுக்க இடம்? சொந்த வீட்டில் வேறு யாரோ குடியேறியிருந்தார்கள்.

அங்கேதான் கடல் கடந்து உதவி வந்தது. பெரிய பங்கு அமெரிக்க யூதர்களின் கூட்டு விநியோகக் குழுவுடையது. வாயில் நுழையாத பெயர் என்பதால் எல்லோரும் அதை ‘ஜாயின்ட்’ என்றே சொன்னார்கள். பாலஸ்தீன யூதர்கள் பட்டினியில் இருக்கிறார்கள், 50,000 டாலர் அனுப்புங்கள் என்று 1914இல் ஓட்டோமான் நாட்டு அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவ் அடித்த தந்தியில் தொடங்கிய அமைப்பு. 1947 முடிவில் அதன் உதவியில் சுமார் 7 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். போலந்தில் அநாதைக் குழந்தைகள் இல்லங்களுக்கும் தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அதன் பணம் போனது. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. ரொட்டி கொடுத்ததோடு நிற்காமல், தையல் மெஷினும் கொடுத்து ‘உன் தொழிலை நீ செய்’ என்று நிமிர வைத்திருக்கிறார்கள்.

பெரிய அமைப்பு மட்டும் இல்லை. நியூயார்க்கில் குடியேறிய போலந்து யூதர்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். யித்திஷ் மொழியில் லாண்ட்ஸ்மான்ஷாஃப்ட், நம் பேச்சில் ஊர்ச்சங்கம். பிழைத்த ஊர்க்காரர்களுக்கு அவர்களும் பணமும் துணிமணியும் அனுப்பினார்கள்.

இவ்வளவு செய்தும் நிலைக்க விடவில்லை. 1945 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. இதே தேன் தெருவில் இருக்கும் கூபா சினகாக்கில் காலைத் தொழுகை நடந்துகொண்டிருந்தபோது, கிறிஸ்தவக் குழந்தைகளை யூதர்கள் கொல்கிறார்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் உள்ளே புகுந்தது. ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு பெண்மணி அன்று கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் கியெல்ட்சே நகரில் 42 பேர். அதன்பின் பெருங்கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள். கல்லறை மேல் எதற்குக் கட்ட வேண்டும், அந்தப் பணத்தை வெளியேறுகிறவர்களுக்குக் கொடுக்கலாமே என்று அன்றே பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இருக்கிறேன் என்று சொன்னவர்களையும் கைவிடாமல் இருந்தது பெரிய மனசு. 1949இல் கம்யூனிஸ்ட் அரசு ஜாயின்டை வெளியேற்றியது. 1957இல் திரும்ப வந்தார்கள். 1967இல் மறுபடி வெளியேற்றம். அப்புறமும் வந்தார்கள்.

2002இல் இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்ல்ஸ், அப்போது இளவரசர், கிராகோவ் வந்தபோது இங்கே எஞ்சியிருந்த முதியவர்களைச் சந்தித்தார். அவர்கள் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது அவர் மனதில் தங்கிவிட்டது. வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் என்ற பிரிட்டிஷ் அமைப்பும் ஜாயின்டும் கைகோத்தன. 2008 ஏப்ரலில் தேன் தெரு 24ஆம் எண்ணில், டெம்பிள் சினகாக்கின் பின்புறம், யூதச் சமூக மையம் திறக்கப்பட்டது. வாசல் நிலையில் பதிக்கும் மெசூசா என்ற மறைவாசகச் சிமிழைப் பொருத்தியதிலும் சார்ல்ஸுக்குப் பங்கு உண்டு.

நான் போனது 2023 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கீழே அலமாரிகளில் டயப்பர், பற்பசை, பாஸ்தா, எண்ணெய். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து இந்த மையம் அகதிகளுக்கு உதவுகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்ல. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கையாலேயே அளவு காட்டினாள். தன்னார்வலர் இளைஞர் ஒரு பாக்கெட்டை எடுத்தார், குழந்தையைப் பார்த்தார், அதை வைத்துவிட்டுப் பெரிய அளவாக எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. த்வுகா தெரு வாசல்தான் கண்முன் வந்தது.

மாலை சபாத் விருந்து. யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான சபாத் வெள்ளி மாலை தொடங்குகிறது. முன்பதிவு செய்த வெளியூர்க்காரர்களும் உட்காரலாம். என் மேசையில் ஓர் இளைஞன், பாட்டி யூதர் என்பது தனக்குப் பதினெட்டு வயதில்தான் தெரியும் என்றான். இங்கே அப்படி நிறையப் பேர். பயந்து பயந்து மறைத்து வாழ்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள். மெழுகுவத்தி ஏற்றினார்கள், பாடினார்கள். பின்னல் போட்ட ஹல்லா ரொட்டி கைமாறி வந்தது. பக்கத்தில் எண்பது தாண்டிய ஒரு அம்மா. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் போலிஷ் வராது. என் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தவர், தன் துண்டில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

“யெத்ஸ், யெத்ஸ்” என்றார். சாப்பிடு, சாப்பிடு.