சிவப்பு ஐ.சி.யும் ஈமெயில் விசாவும்

தீபாவளிக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட் வந்து இறங்கிய அன்றைக்கே பாட்டி கேட்டார்: "உனக்கு எந்தக் கலருய்யா குடுத்தாங்க?"

ஆஸ்திரேலியாவில் விசா கிடைத்ததை அம்மா சொல்லியிருக்கிறார். பாட்டிக்குத் தெரிந்த பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) ஒன்றே ஒன்று, சிவப்பு ஐ.சி. இங்கே குடிமக்களின் அடையாள அட்டை நீலம், குடியுரிமை இல்லாத பி.ஆர்.காரர்களுக்குச் சிவப்பு. பாட்டி ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, முழங்கால் விடும்வரை பால் மரம் வெட்டியவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்னமும் சிவப்புதான். தேர்தலன்று வீடே ஓட்டுப் போடக் கிளம்பும்போது அவர் மட்டும் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பார். ஐ.சி. ஒரு மைலோ டின்னுக்குள், பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.

"பி.ஆர். இன்னும் வரல பாட்டி. அதுக்கு முந்தின படிதான்."

அடிலெய்டில் சிவில் என்ஜினியரிங் படித்தேன். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நீங்கலாக மற்ற எல்லாமே 2019 நவம்பரிலிருந்து அங்கே 'ரீஜனல்' கணக்கு. அடிலெய்டும் அதில் சேர்த்தி. விசாவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 65 புள்ளி வேண்டும், ஆனால் வெறும் 65-ஐ வைத்துக்கொண்டு அரசின் அழைப்புக்குக் காத்திருந்தால் தலை நரைத்துவிடும். எனக்கு வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7 எடுத்ததற்கு 10, அங்கே படித்ததற்கு 5, ரீஜனலில் படித்ததற்கு மேலும் 5, கல்யாணம் ஆகாததற்கு 10. (கல்யாணம் ஆகாததற்கு மார்க் போட்ட ஒரே இடம் அதுதான். இங்கே சொந்தக்காரர்கள் கழிக்கிறார்கள்.) ஆக 75. மாநில அரசு பரிந்துரைத்தால், நேரடியாக பி.ஆர். தரும் 190 விசாவுக்கு 5 கூடும், ரீஜனலுக்கான தற்காலிக விசாவான 491-க்கு 15. நான் 491 எடுத்தேன்.

"இத எடுத்துக்குங்க தம்பி, பெறகு 190-க்கு மாத்திக்கலாம்" என்று சொன்னவர் கோலாலம்பூரில் ஓர் ஏஜெண்ட். காசு கொடுத்தவன் படித்துப் பார்த்திருக்க வேண்டும். 491 கையில் வந்தால் மூன்று வருஷத்துக்கு 190 பக்கமே போக முடியாது. இது தெரிந்த அதே மாதம் மெல்பர்னில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. போகவில்லை. ரீஜனலில்தான் வசிக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை.

பாட்டி இதையெல்லாம் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தொர மாறினா?"

"முதலாளிய மாத்திக்கலாம் பாட்டி. ஏரியாவ விட்டு வெளிய போகக்கூடாது. விசா அஞ்சு வருஷம். மூணு வருஷம் அங்கயே இருந்து, மூணு வருஷத்து வரிக் கணக்கக் காட்டினா 191-னு ஒண்ணு. அதுதான் பி.ஆர்."

"அப்புறம் நீல ஐ.சி.யா?"

"அந்த ஊர்க் குடியுரிமை எடுத்தா, இங்க உள்ள நீல ஐ.சி.யத் திருப்பிக் குடுத்துரணும். ரெண்டும் வச்சிக்க மலேசியாவுல விடமாட்டாங்க."

மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். 1969-இல் வேலை பெர்மிட் கிடைக்காமல் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியவர். அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"எங்க, கார்டக் காட்டு."

"கார்டெல்லாம் இல்ல. ஈமெயில்தான்." போனை நீட்டினேன்.

"போலீஸ் நிப்பாட்டினா எதடா காட்டுவே?"

மறுநாள் காலை டவுனுக்கு அனுப்பிவிட்டார், பிரிண்ட் எடுத்து லாமினேட் பண்ணிக்கொண்டு வரச் சொல்லி. கடைக்காரப் பையன் கலரா, கறுப்பு வெள்ளையா என்று கேட்டான். அந்தக் கடிதத்தில் கலர் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கலரிலேயே போடச் சொன்னேன்.