டேவிட் பால்ஃபர் கரை ஒதுங்கிய தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், மல் தீவின் தென்மேற்கு முனையை ஒட்டிக் கிடக்கும் எர்ரெய்ட் என்னும் சிறு தீவுக்குப் போகப் படகு வேண்டியதில்லை. கடல் வற்றும் நேரம் தெரிந்தால் போதும். ஓபன் துறைமுகத்தில் கப்பலேறிக் கிரெய்க்னூரில் இறங்கி, அங்கிருந்து ஒற்றைத் தடச் சாலையில் பேருந்தில் மறுகோடியான ஃபின்னஃபோர்ட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் எதிர்க்கரையில் தெரியும் அயோனா மடாலயத்துக்குப் படகேறிவிடுகிறார்கள். நான் தெற்கே திரும்பி, நாக்வோலகன் பண்ணை வரை நடந்தேன். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதிய ‘கிட்நாப்ட்’ நாவலில் டேவிட் பால்ஃபர் கப்பல் உடைந்து ஒதுங்குவது இந்தத் தீவில்தான். பள்ளி நாட்களில் படித்த அந்த அத்தியாயத்தைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுகாலமாக இருந்தது.

பௌர்ணமியை அடுத்த நாளாகப் பார்த்தே பயணத்தை வகுத்திருந்தேன். இந்தப் பகுதியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நண்பகலை அடுத்துக் கடல் நன்றாக வற்றிவிடுகிறது. பண்ணையைக் கடந்து சரிவில் இறங்கியபோது, வரைபடம் நீலமாகக் காட்டும் கால்வாயில் வெண்மணல் மட்டுமே இருந்தது. ஈரமணலில் ஆட்டுக் குளம்புகளின் தடங்கள் எனக்கு முன்பே அக்கரைக்குப் போயிருந்தன. காலணியைக் கழற்றாமலேயே தீவுக்குள் நடந்து சேர்ந்தேன்.

நாவலின் உயிர்நாடி இந்த மணல்வெளியில்தான் இருக்கிறது. 1751ஆம் ஆண்டில், சிற்றப்பனின் வஞ்சகத்தால் கடத்தப்பட்டுக் ‘கவனென்ட்’ என்னும் பாய்க்கப்பலில் அடைக்கப்பட்ட டேவிட், அது பாறையில் மோதியதும் ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்கிறான். பாறையில் ஒட்டிய சிப்பிகளையும் நத்தைகளையும் பச்சையாகத் தின்று வாந்தியெடுக்கிறான். ஓயாத மழையில் நனைகிறான். அயோனாவின் பழைய தேவாலயத்தையும் வீட்டுக் கூரைகளையும் பார்த்து ஏங்குகிறான். படகில் போகும் மீனவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் அவர்களே திரும்பி வந்து, அந்தப் பகுதி மக்களின் கேலிக் மொழியில் ஏதோ சொல்ல, அதற்கு நடுவே கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று அவன் காதில் விழுகிறது. ஏறக்குறைய நூறு மணி நேரம் அவன் பட்டினி கிடந்த இடம், நாளுக்கு இருமுறை நடந்தே வெளியேறக்கூடிய இடம். கடலோரத்தில் வளர்ந்த பையனாக இருந்தால் ஒரு நாள்கூட அங்கே தங்கியிருக்க மாட்டான் என்று டேவிட்டே சொல்கிறான். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் தணிந்திருக்கும், அப்போது மட்டும் கடக்க முடியாது என்ற விவரத்தையும் ஸ்டீவன்சன் விடாமல் சேர்த்திருக்கிறார். சிறுவர்களுக்கான கதைதானே என்று அவர் எதையும் தளர்த்தவில்லை. அதனால்தான் அவர்மீது எனக்கு இத்தனை மதிப்பு.

அந்தத் துல்லியம் அவருக்கு வீட்டிலிருந்து வந்தது. பாட்டனார் ராபர்ட் ஸ்டீவன்சன், 1811இல் ஒளியேற்றப்பட்ட பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். பெரியப்பா ஆலன், ஸ்கெரிவோர் கலங்கரை விளக்கத்தை எழுப்பியவர். தந்தை தாமஸும் மற்றொரு பெரியப்பா டேவிட்டும், எர்ரெய்ட்டுக்குத் தென்மேற்கே நடுக்கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் டூ ஹார்ட்டாக் என்ற கரும்பாறையின் மீது 1867 முதல் 1872 வரை கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அதற்கான கற்களை வெட்டிச் செதுக்கிய பணித்தளம் இந்தத் தீவுதான். 1870இல், எடின்பரோவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது லூயிஸ் இங்கே சில வாரங்கள் தங்கினார். மறு ஆண்டு, பொறியியல் வேண்டாம் என்று தந்தையிடம் சொல்லிவிட்டார். தொழிலைத்தான் விட்டார், அது கற்றுக்கொடுத்த பார்வையை அவர் விடவே இல்லை.

கல்லுடைத்த குழி இன்னும் இருக்கிறது. கலங்கரை விளக்கப் பணியாளர்களின் குடும்பங்களுக்காகக் கட்டிய கருங்கல் வீடுகள் ஒரே வரிசையில் உறுதியாக நிற்கின்றன. அவற்றில் இன்றும் ஒரு சிறு சமூகம் தோட்டம் போட்டு வாழ்கிறது. மல் தீவின் இந்த மூலையில் கிடைப்பது இளஞ்சிவப்புக் கருங்கல். வெயில் பட்டபோது பாறைகள் சிவந்து, அவற்றின் இடுக்குகளில் கடல் பச்சையாகத் தெரிந்தது. அங்கிருந்து குன்றைச் சுற்றித் தெற்கே போனால் பால்ஃபர் விரிகுடா என்று இப்போது வழங்கும் மணற்கரை வருகிறது. கற்பனைப் பையன் ஒருவனின் பெயரை உண்மையான நிலப்படம் ஏற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது.

நிலப்படம் என்பது ஸ்டீவன்சனுக்கு அலங்காரம் அல்ல. ‘புதையல் தீவு’ நாவலே 1881இல் பிரேமர் என்ற ஊரில், மனைவியின் மகனோடு பொழுதுபோக்காக வண்ணம் தீட்டிய ஒரு படத்திலிருந்து பிறந்தது. 1883இல் அது நூலாக வருவதற்கு முன், பதிப்பாளருக்கு அனுப்பிய மூலப்படம் தொலைந்துபோனது. ஆகவே கதையில் வரும் திசைகளையும் தொலைவுகளையும் ஒவ்வொன்றாகத் தொகுத்து, அவற்றுக்குப் பொருந்துமாறு தந்தையின் அலுவலகத்தில் புதுப்படம் வரைய வேண்டியிருந்தது. கதையில் வரும் கொள்ளையர் தலைவன் கேப்டன் ஃபிளின்ட்டின் கையெழுத்தைத் தந்தையே போட்டுக்கொடுத்தார். கதைக்களம் உண்மையானதோ கற்பனையோ, எழுத்தாளன் அதைத் தன் உள்ளங்கைபோல் அறிந்திருக்க வேண்டும், சூரியன் எங்கே உதிக்கும், நிலா எப்படி நகரும் என்பது உட்பட, என்று பின்னாளில் அவர் எழுதினார். ‘கிட்நாப்ட்’ நாவல் 1886இல் நூலானபோது, கவனென்ட் சென்ற வழியைக் காட்டும் படம் ஒன்றும் அதனுடன் வந்தது. புதையலும் கொள்ளையரும் நிறைந்த முந்தைய நூலே உலகெங்கும் புகழ்பெற்றது என்றாலும், தரையையும் வரலாற்றையும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைத்த இந்த நூலைத்தான் நான் அதற்கு மேலே வைப்பேன்.

கடல் ஏறத் தொடங்குவதற்குள் தீவின் உச்சிக் குன்றில் ஏறிவிட்டேன். வடக்கே அயோனா; தென்மேற்கே, அலை உடைந்து வெள்ளையாகத் தெறிக்கும் டோரன் பாறைக் கூட்டம். கவனென்ட் உடைந்தது அங்கேதான். அங்கிருந்து ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் இந்தக் கரைக்கு வந்து சேர்வது எளிதல்ல என்பது குன்றின் மேல் நிற்கும்போது கண்ணுக்கே தெரிகிறது. ஸ்டீவன்சனுக்கும் அது தெரிந்திருந்தது. நண்பர் சார்ல்ஸ் பாக்ஸ்டருக்கு எழுதிய காணிக்கை உரையிலேயே அவர் அதைச் சொல்லிவிடுகிறார்: 1752இல் ஸ்காட்லாந்தின் ஆப்பின் பகுதியில் உண்மையாகவே நடந்த கொலை தம் கதையில் 1751இல் நிகழ்வது ஏன், டோரன் பாறைகள் எர்ரெய்ட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் நகர்ந்து வந்தது எப்படி என்றெல்லாம் கேட்டால் தம்மால் பதில் சொல்ல முடியாது என்று.