பாலைமரத் தேவதை: எட்டாவது தடவையும் சரிவரவில்லை

நான் வெட்டி ஒட்டிய எட்டாவது கடதாசித் தேவதைக்கு நேற்று இரவு சிறகு கிழிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கதை எங்கள் வீட்டுக் கதை. முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் காட்டில் ஒரு பாலைமரப் பொந்துக்குள் குடியிருக்கும் குறும்புக்காரத் தேவதை. மந்திகளின் வால்களை ஒன்றோடொன்று முடிந்துவிடுவாள். கேட்காமல் பழம் பறிக்கும் பிள்ளைகளின் வாயை ஒட்டவைப்பாள். பாலைப்பழம் தின்று உதடு பிசுபிசுத்தவர்களுக்கு இதில் பாதி உண்மை என்பது தெரியும். தேங்காய் எண்ணெய் பூசினால் மந்திரம் முறிந்துவிடும். மகளுக்கு அவளுடைய அம்மம்மா சொன்னது. அதையே விரித்தால் படம் எழுந்து நிற்கும் புத்தகமாகச் செய்கிறேன்.

மொத்தம் ஆறு விரிப்புகள், அதாவது எதிரெதிரான இரண்டு பக்கங்கள் சேர்ந்த ஆறு காட்சிகள். இரண்டு முடிந்தன. மூன்றாவதில், தேவதை பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் இடத்தில், மூன்று வாரமாக நிற்கிறேன்.

பக்கம் 15க்கு 21 சென்ரிமீற்றர். தேவதையின் உயரம் 12. தேவதையை நிற்கவைப்பது வி மடிப்பு: நடுவில் மடித்த உருவத்தின் அடியை, புத்தகத்தின் நடுமடிப்பில் முனை வரும்படி வி எழுத்து வடிவில் ஒட்டுவது. அந்த முனை, கீழ் விளிம்பிலிருந்து 9 சென்ரிமீற்றரில். வியின் இரு கைகளும் நடுமடிப்போடு 45 பாகை. தேவதையின் ஒட்டும் அடிக்கோட்டுக்கும், அவளை நடுவில் மேலிருந்து கீழாக மடிக்கும் முதுகு மடிப்புக்கும் இடையில் முதலில் 90 பாகை வைத்தேன். அழகாக மூடியது, திறந்தது. ஆனால் காலை இறைவணக்கத்துக்கு நிற்கும் பிள்ளையைப் போல விறைப்பாக நின்றாள். குறும்புக்காரி இப்படியா நிற்பாள் என்று மகள் கேட்டுவிட்டாள்.

சரி, 100 பாகை. இப்போது வாசிப்பவரை நோக்கி 14 பாகை அளவில் குனிகிறாள். முகத்தில் கள்ளச் சிரிப்பே வந்துவிட்டது! ஆனால் புத்தகத்தை மூடினால் உச்சந்தலை கீழ் விளிம்புக்கு வெளியே கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் 10 பாகைதான் கூட்டினேன். மூடும்போது முதுகு மடிப்பு 8.5 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 9.8 சென்ரிமீற்றர் கீழே இறங்குகிறது. கழுத்தைக் குறைத்தேன், தவளையாகிவிட்டாள். முனையை 1.5 சென்ரிமீற்றர் பின்னே தள்ளினேன்; தலை உள்ளே அடங்கியது, சிறகு போய்ப் பாலைமரக் கொப்பில் மாட்டிக்கொண்டது. அதுதான் நேற்றைய கிழிசல்.

தாளிலும் பிழை இருக்கிறது. இங்கே கிடைக்கும் பிரிஸ்டல் போட் தடிப்பு. மடித்த இடத்தில் வெடிக்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போய், ஏ9 வீதியில் பஸ் பிடித்து வவுனியாவுக்குப் போனால் 160 கிராம் தாள் வாங்கலாம். கடைக்காரர் தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் குறுக்கே வெட்டித் தந்துவிட்டார். நார் மடிப்போடு ஒத்து ஓடாவிட்டால் மடிக்கும் கோட்டில் மை தீர்ந்த பேனையால் எத்தனை முறை கீறினாலும் மடிப்பு முறுக்கிக்கொள்ளும். இனி முழுத் தாளாகத்தான் வாங்குவேன்.

பசைக்கு பைண்டர் கம் போதும். கோதுமை மாப்பசையில் துரிசு (செப்புச் சல்பேற்று) கலந்தால் பூச்சி அரிக்காது என்று பழைய புத்தகம் கட்டுகிறவர்கள் சொல்வார்கள். துரிசு நஞ்சு, சின்னப் பிள்ளை கையில் எடுக்கும் புத்தகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது விரிப்பில் குளக்கட்டு வழியே யானை வரும். அதற்குப் பெட்டி மடிப்பு, விரித்தால் பெட்டிபோல எழும் மடிப்பு. தும்பிக்கையை அசைக்க, இழுக்கும் கடதாசிப் பட்டி ஒன்றும் மனத்தில் இருக்கிறது. மூன்றாவதை முடிக்காமல் யானையைப் பற்றி யோசிப்பது எனக்கே வெட்கம்தான், ஆனால் தும்பிக்கையை நேற்றே வெட்டிவிட்டேன்.

சொல்ல மறந்தேன். சிறகு கிழிந்தபோது பசை கசிந்து தேவதை மரத்தோடு ஒட்டியும் போயிருந்தாள். விடியற்காலையில் மகள் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தாராளமாகப் பூசியிருக்கிறாள். அந்த விரிப்பில் இனி எந்தப் பசையும் பிடிக்காது.