கபடி நோட்டில் கடைசிக் கட்டம்

கோவையிலோ ஈரோட்டிலோ இதழியல் படித்துக்கொண்டு விளையாட்டுச் செய்தி எழுத ஆசைப்படுகிறவர்கள், முதலில் போக வேண்டியது ஊர்க் கபடிக்கு. கிரிக்கெட் ஸ்கோர் போனிலேயே கிடைத்துவிடும். ஊர்க் கபடியில் நீங்கள் நோட்டில் எழுதாதது வேறெங்கும் கிடைக்காது.

பக்கத்தை ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரைடு (எதிரணிப் பக்கம் பாடிப் போவது) எண், ரைடரின் சட்டை எண், கிடைத்த புள்ளி, இரு அணியின் மொத்தம், களத்தில் மிச்சமிருக்கும் ஆட்கள். புதிதாக எழுதுகிறவர்கள் கடைசிக் கட்டத்தை விட்டுவிடுவார்கள். கணக்கு உதைப்பதும் அங்கேதான். எதிரணியில் ஆறு பேராவது நின்றால்தான், போனஸ் கோட்டைத் தாண்டும் ரைடருக்குப் போனஸ் புள்ளி உண்டு. அந்தப் புள்ளிக்கு, அவுட்டாகி உட்கார்ந்த ஆள் உள்ளே வர முடியாது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள். புள்ளி 2, ஆனால் உள்ளே திரும்புவது ஒருவர் மட்டும். மிச்சமிருந்த இருவரையும் தொட்டுவிட்டு ரைடர் திரும்பினால் தொட்டதற்கு 2, ஆல் அவுட்டுக்கு 2, ஆக 4. அதை 2 என்று எழுதிவிட்டால் கடைசி வரை உங்கள் மொத்தம் தப்பாகவே ஓடும். இடைவேளையில் ஸ்கோரர் மேசைக்குப் போய் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆண்கள் ஆட்டம் முறைப்படி 20 நிமிடம் வீதம் இரு பாதி. ஊர்ப் போட்டிகளில் குறைப்பதுண்டு, முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சட்டையை மாற்றிப் போடுவதும் நடக்கும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், "அண்ணா, நாலாம் நம்பர் எந்த ஊருங்க?" என்று கேட்டு, பெயரை இனிஷியலோடு எழுதுங்கள். தப்பான இனிஷியல் அந்தப் பையன் வீட்டில் எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இறுதியாட்டம் நள்ளிரவைத் தாண்டலாம். அரையிறுதி முடிந்ததுமே கீழ்ப் பத்திகளை எழுதிவிட்டு, முதல் பத்தியை மட்டும் காலியாக வையுங்கள்.

எந்த விளையாட்டானாலும், சாதனை எண்ணைப் பின்னணி இல்லாமல் தனியே விடக் கூடாது. 2005 அமெரிக்க கிராண்ட் பிரி ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். மிஷெலின் டயர் சிக்கலால் அன்று ஓடியவை ஆறு கார்கள்தான் என்பதும் அதே வாக்கியத்தில் வர வேண்டும். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் தாண்டிய 1.89 மீட்டரை எழுதும்போது, அது காலில் குறைபாடு உள்ளவர்களுக்கான பாராலிம்பிக் பிரிவான டி42 என்பதையும் சேர்த்தால்தான் அந்தத் தங்கத்தின் கனம் வாசகருக்குப் புரியும்.