நெறிகட்டி என்று நினைத்த நான்கு மாதம்

தம்பிக்கு அப்போது 22 வயது. கழுத்தில், காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. வலியே இல்லை, அதனால்தான் சும்மா இருந்துவிட்டோம். வறட்டு இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி தலையணை உறையைப் பிழிகிற அளவுக்கு வியர்வை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் டிபி என்றார். நம் ஊரில் இந்த அறிகுறிகளுக்கு முதலில் அதை நினைப்பதில் தப்பில்லை. ஆனால் சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், கட்டியைச் சோதிக்காமல் மாத்திரை தொடங்கியதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான்காம் மாதம் படுத்தாலே மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினான். வேறு மருத்துவமனையில் எடுத்த சிடி ஸ்கேனில், இரண்டு நுரையீரலுக்கும் நடுவே பெரிய கட்டி. நுரையீரல் புற்றுநோய் என்றே நினைத்து அம்மா இடிந்துபோனார். அங்கிருந்த மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார்: இது நுரையீரலில் முளைத்ததல்ல, நடு நெஞ்சின் நிணநீர்க் கணுக்களில் (கழுத்தில் நெறி கட்டுவதும் இதே மாதிரிக் கணுக்கள்தான்) வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்துகிறது.

ஊசியால் உறிஞ்சி எடுத்த சோதனையில் ஒன்றும் தெளிவாகவில்லை. கழுத்துக் கணுவை முழுதாக எடுத்த பிறகுதான் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியானது. கணு முழுதாக இருந்தால்தான் அதன் அமைப்பு தெரியும். இந்த நோயை அடையாளம் காட்டும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்கிற பெரிய செல்கள் அங்கங்கே ஒன்றிரண்டுதான் இருக்குமாம், ஊசியில் தவறிப்போகலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது நெறி கட்டி மூன்று நான்கு வாரமாகியும் கரையாவிட்டால், கட்டியை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

கீமோ 15 நாளுக்கு ஒன்று, மொத்தம் 12. தொடங்கும் முன் விந்தணு சேமிக்கச் சொன்னார்கள். அக்காவான நான் அருகில் இருந்ததால் கூச்சப்பட்டான், வெளியே வந்துவிட்டேன். நான்கு மருந்தில் ஒன்று நல்ல சிவப்பு. அன்று சிறுநீரும் சிவந்தது. "டிபி மாத்திரைக்கும் இப்படித்தானே போச்சு" என்று அம்மா பயந்தார். இன்னொரு மருந்தான டக்கார்பசின் பாட்டிலுக்கு வெளிச்சம் படாமல் கறுப்பு உறை போடுவார்கள். அது ஏறும்போது கை நரம்பு எரியும். வெந்நீர்ப் பை வைத்துத் தேய்த்தபடி இருப்பேன்.

இரண்டாவது டோஸுக்குப் பிறகு ஒரு காலை தலையணை உறை காய்ந்திருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார்.

நான்கு டோஸ் முடிந்து, நோய் இன்னும் இயங்குகிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் கட்டி இருந்த இடம் அடங்கியிருந்தது. நான்கு மருந்தில் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசினை அதன்பின் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறான். கணு எடுத்த தழும்பு கழுத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு இருக்கிறது.