அளவெடுக்காத கதிரை

அளவெடுக்காமல் சில்லுக் கதிரை (சக்கர நாற்காலி) கொடுப்பதில்லை என்பது சரியான விதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விசயத்தை யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே மறித்து, "ஐயோ, அந்த மனுசனுக்கு ஒண்டக் குடுத்து விட்டிருக்கலாமே" என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் யாரும் அளவில்லாத கதிரையால் வருகிற படுக்கைப் புண்ணைத் துடைத்து மருந்து கட்டியவர்கள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் கதிரை அளந்து கொடுக்கிற முகாம், பதிவு மேசையில் நான். மத்தியானத்துக்குக் கிட்ட ஒருவர் தனியாக வந்து நின்றார். தோளில் துவாய், கையில் ஒரு பையில் கிளினிக் கொப்பி. மகனுக்குப் பன்னிரண்டு வயது, பெருமூளை வாதம், கழுத்து உறுதியாக நிற்காது, மண்டூருக்கும் அங்கால உள்ளே வீடு. பிள்ளை எங்கே என்று கேட்டேன். வீட்டில என்றார். பிள்ளையைப் பார்க்காமல் கதிரை தர ஏலாது அண்ணன், அளவெடுக்க வேணும், நாளைக்கும் முகாம் இருக்கு, கூட்டிக்கொண்டு வாங்க என்றேன்.

"கதிர இல்லாம நான் எப்பிடி மிஸ் அவன இஞ்ச கொண்டு வாற?"

கோபமாகக் கேட்கவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார், பதில் வரும் என்று காத்துக்கொண்டும் நின்றார். வீட்டுக்கு வந்து பார்க்கிற குழுவில் உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றேன். எப்ப வருவாங்க என்றார். அறிவிப்போம் என்றேன். அறிவிப்போம் என்ற சொல்லை அவர் எத்தனை ஒபிஸில் கேட்டிருப்பார் என்று அப்போதே தோன்றியது, ஆனால் வேறு என்ன சொல்ல? எனக்குப் பின்னால் மண்டபத்து ஓரத்தில் சில கதிரைகள் மடித்தபடி நின்றன. ஓட்டோவில் வந்து இறங்குகிறவர்களை உள்ளே கொண்டுபோக வைத்திருந்தவை. அவர் அதைப் பார்த்தார். "அதுல ஒண்டு, பழசெண்டாலும் காணும் தங்கச்சி." இல்லை அண்ணன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கதிரைகள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குச் செய்தவை, 18 அங்குல அகலம், இருக்கை வெறும் துணி, நடுவில் தொய்ந்திருக்கும். கழுத்து நிற்காத ஒரு மெலிந்த பிள்ளையை அதில் இருத்தினால் இடுப்பு முன்னுக்கு வழுக்கும், முழங்கால் இரண்டும் ஒரு பக்கமாகச் சாயும், முதுகெலும்பு வளையத் தொடங்கும். தலை பின்னால் போன நிலையில் சோறு தீத்தினால் புரையேறி நெஞ்சுக்குள் போகும். சனம் கதிரையைத் தளபாடமாக நினைக்கிறது, அது கிட்டத்தட்ட மருந்து. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆளை அனுப்பிவைப்பதில் தொடங்கி, பரிசோதித்து, கதிரையைத் தெரிவுசெய்து, பொருத்தி, ஓட்டப் பழக்கி, திருத்த வேலை வரைக்கும் எட்டுப் படிகள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நன்கொடையாக வந்த கதிரைகளில் எத்தனை வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கோழி ஏறி நிற்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எட்டும் ஏன் என்று விளங்கும்.

ஆக, நான் சொன்னது சரி. அப்படியென்றால் ஏன் திரும்பத் திரும்ப இதையே யோசிக்கிறேன்?

ஒன்று, அந்த வழி. மண்டூர்த் துறைக்கு வரவே அவருக்கு ஒரு நல்ல தூரம். பிறகு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்க வேண்டும், இறங்கி பஸ்ஸோ ஓட்டோவோ. பாதையில் மோட்டார்சைக்கிள் ஏறும், பிரச்சினை இல்லை. பிள்ளை சின்னவனாக இருக்கும்போது நடுவில் வைத்து தாய் பின்னால் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்திருக்கிறார்கள். இப்போது உடம்பு விறைத்தால் கால் இரண்டும் பின்னிக்கொள்ளும், இருவராலும் பிடிக்க ஏலா. இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். முன்னமே தெரிந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். எங்கள் படிவத்தில் ஊர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, எப்படி வந்தீர்கள் என்று கேட்கிற கட்டம் இல்லை. எட்டுப் படியில் முதலாவதையே ஏற முடியாதவர்கள் எங்கள் கணக்கில் வருவதே இல்லை.

இரண்டாவது, அந்தப் பலகை. பாடசாலைக் கழிப்பறைக்கு இரண்டு உயரப் படிகள். பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006 இல் வர்த்தமானியில் வந்தவை, அது வேறு கதை. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் சாய்வுப் பாதை வேண்டும் என்று தொண்டர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருந்தேன். அங்கே கிடைத்தது ஒரு ஆறடிப் பலகை. அதைப் போட்டோம். கல்முனையிலிருந்து வந்த முஸ்லிம் பொடியன்மார் இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொள்ள, தங்கியிருந்த எல்லோரும் அதில்தான் ஏறி இறங்கினார்கள். அளவு பிழை, ஆபத்தும்தான், ஆனால் மனுசர் கழிப்பறைக்குப் போக வேண்டுமே. அன்று காலையில் பலகைக்கு வளைந்த விதி மத்தியானம் கதிரைக்கு ஏன் வளையவில்லை? பலகையில் நிற்பது ஒரு நிமிடம், பக்கத்தில் ஆள் நிற்கிறது, கதிரையில் பிள்ளை வருடக்கணக்காக இருப்பான், பக்கத்தில் நாங்கள் இல்லை. இந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத்தான் இருக்கிறது, பகலில்.

முகாமில் கதிரை ஓட்டப் பழக்க வந்த ஒரு அண்ணன் இருந்தார். மரத்தால் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், பின்சில்லில் மட்டும் கதிரையை நிறுத்தி வாய்க்கால் தாண்டுவார். இரவில் சாப்பாடு முடிந்து, வாகரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் வந்தவர்களெல்லாம் கதிரையை வட்டமாக விட்டுக் கதைத்துக்கொண்டிருக்க (முகாமில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான், யார் தொண்டர் யார் பயனாளி என்று அப்போது தெரியாது, பகடி விடுவதில் கதிரைக்காரர்கள்தான் முன்னுக்கு), அவரிடம் இதைச் சொன்னேன். நீங்க செய்தது சரி மிஸ் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன் என்பதை மறைக்கத் தேவையில்லை.

அவர் சொன்னது: "எனக்கு முதல் கிடைச்சதும் ஆரோ குடுத்த அளவில்லாத கதிரதான். அது வராட்டி நான் இண்டைக்கும் கட்டில்லதான் கிடப்பன். அதால வந்த புண்ணுக்கு ஒப்பரேசனும் செஞ்சிரிக்கி." அப்ப எது சரி என்றேன். "ரெண்டும் நடந்ததுதானே" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட அங்கால உருட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கை இருக்கிறது, இருக்கையிலிருந்து உடம்பைத் தானே தூக்கிக்கொள்வார், உணர்வில்லாத இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கத் தெரியும், கழுத்து நிற்காத பிள்ளையோடு அவரை ஒப்பிட ஏலாது என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். அதுவும் உண்மைதான்.

வீட்டுக்குப் போகிற குழு போனது. போகாமல் விடவில்லை, இதையும் எழுதத்தான் வேண்டும். பிள்ளையை அளந்து, தலைக்கும் பக்கத்துக்கும் தாங்கல் வைத்த கதிரை செய்து கொடுத்தார்கள். நான் இரண்டாம் முறை போன குழுவோடு போனேன். நிமிர்ந்து இருந்தான், தாய் கரண்டியால் தீத்தினா, புரையேறவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்போது தாய் பேச்சோடு பேச்சாக, கோயிலுக்குக் கொண்டுபோகத்தான் அந்த நேரம் கேட்ட, இனி வாற வருசந்தான் என்றா. மண்டூர் முருகன் கோயில் ஆவணித் திருவிழா. முகாம் நடந்தது ஆடியில், கதிரை வந்து சேர்ந்தபோது தீர்த்தம் முடிந்திருந்தது. தகப்பன் முற்றத்தில் நின்று ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்கு இளநி வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரிக் கதிரையைக் கொடுத்திருந்தாலும் அதன் சின்ன முன்சில்லு கோயில் வீதி மணலில் புதைந்திருக்கும், ஒரு அடி நகராது என்று திரும்பி வரும்போது பாதையில் நின்று யோசித்தேன். அதற்கென்ன, திருவிழாவில் நாலு பேர் தூக்கியிருப்பார்களே என்றும் யோசித்தேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016 இல் உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தில் 20 ஆம் உறுப்புரை, அவர்களின் நடமாட்டம் அவர்கள் விரும்பும் விதத்திலும் விரும்பும் நேரத்திலும் நடக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. பயிற்சிகளில் நான் வாசித்துக்காட்டும் பகுதி. விதத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். நேரத்தைப் பற்றி நான் ஒருநாளும் பேசியதாக நினைவில்லை.

அடுத்த முகாமுக்கான கூட்டத்தில், பிள்ளையைக் கொண்டுவர முடியாதவர்களுக்கு அளவு நாடாவும் படம் போட்ட ஒரு தாளும் கொடுத்து வீட்டிலேயே அளந்து வரச் சொன்னால் என்ன என்று ஒருவர் கேட்டார். தாய் தகப்பன் அளந்தால் அளவு பிழையாகிவிடும், வளைந்த முதுகை எப்படி அளப்பார்கள் என்று நான்தான் முதலில் மறுத்தேன். பிறகு, மேசையை இந்தப் பக்கம் போடாமல் துறைக்கு அந்தப் பக்கம் போடுவோம் என்று சொன்னதும் நான்தான். அதற்கு வாகனமும் எண்ணெய்க் காசும் யார் தருவது என்று கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கதிரை பழக்குகிற அண்ணன், "நீங்க எந்தப் பக்கமெண்டு கடைசி வரைக்கும் எனக்கு விளங்கல்ல மிஸ்" என்றார்.