கடிகாரத்தைப் பையில் போட்ட நாள்

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கான களப்பணி. வறுப்பது, தல்லுவது (ஓட்டை உடைப்பது), தோல் உரிப்பது, தரம் பிரிப்பது என்று கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, அம்புக்குறியால் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும்.

முதல் வாரக் கணக்கு பிரமாதம். அப்புறம்தான் தோல் உரிக்கும் அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மக்ளே, நீ வாச்சைப் பாத்தா எங்க கை தானா ஓடும்.”

போச்சு. ஒரு வாரத் தரவும் குப்பை.

1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளை எத்தனை தடவை படித்திருப்பேன்! ஆள் கவனிக்கிறார் என்பதே வேலையைக் கூட்டும் என்பார்கள். (பிற்காலத்தில் அந்தத் தரவை மறுபடி அலசியவர்கள் இதை அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.) எனக்குப் பிடித்தது அங்கேயே 14 ஆண்களை வைத்துச் செய்த கடைசி ஆய்வுதான். அதிகம் செய்தால் கூலி கூடும் என்று தெரிந்தும், ‘ஒரு நாளைக்கு இவ்வளவு போதும்’ என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். மீறினால் புஜத்தில் ஒரு குத்து.

இங்கே குத்தெல்லாம் இல்லை. கிலோ கணக்கில்தான் கூலி. ஆனாலும் சாயங்காலம் எடை போடுவதற்கு முன், கை நடுங்கும் ஒரு பாட்டியின் தட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பிடி பருப்பைப் போட்டுவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் அந்நேரம் சரியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நேற்று நெறியாளரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டார்: “சரி, அம்புக்குறியை எங்கிருந்து எங்கே போடப் போறீங்க?”